நாணயம் மறையும் வித்தை: ஏன் உடனே பிடித்துவிடுகிறார்கள்?

கேட்டவர் எழுதியிருப்பது இது. சில மாதமாக வீடியோ பார்த்து, நாணயத்தை மறைய வைக்கும் வித்தையைப் பழகுகிறார். கண்ணாடி முன்னால் சுத்தமாக வருகிறது. வீட்டில் செய்து காட்டினால் மட்டும் அடுத்த நொடியே தங்கை, "அண்ணா, அந்தக் கையைத் திற" என்கிறாள். கை வேகம் போதவில்லையா, வேகத்தைக் கூட்ட என்ன பயிற்சி, அல்லது கடையில் விற்கும் ரெடிமேட் சாமான் எதையாவது வாங்கிக்கொள்வது நல்லதா என்பது அவர் கேள்வி. கேள்வி வேகத்தைப் பற்றி இருந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கையையே உற்றுப் பார்க்கிற ஒருவருக்கு, கண்ணெதிரே நடப்பது எப்படித்தான் தெரியாமல் போகிறது? நான் கல்யாண வரவேற்புகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் மேஜை மேஜையாகப் போய்ச் செய்கிற சின்னச் சாமான் வித்தைகளையே பல வருடமாகச் செய்து வருகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தும், இது குறித்து நடந்த ஆய்வுகளில் நான் படித்ததிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம்: வேகம் இதற்குக் காரணம் இல்லை. கை எவ்வளவு விசுக்கென்று போனாலும் கண் அதைப் பிடித்துவிடும். சும்மா இருக்கிற இடத்தில் ஏதாவது சட்டென்று அசைந்தால், நாம் நினைக்காமலே கண் அங்கே திரும்புகிறது. அதனால் நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட, காரியம் எந்த நொடியில் நடந்தது என்பதைப் பார்ப்பவருக்கு நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். நன்றாகச் செய்கிற யாரையாவது அடுத்த முறை பார்க்கும்போது கையின் நடையைக் கவனியுங்கள், மெதுவாகத்தான் இருக்கும். பிற்பாடு அறிவுத்திறன் சோதனைக்காகப் பேர் வாங்கிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, 1890-களில் பாரிஸில் வித்தைக்காரர்களை வரவழைத்து அவர்கள் கையசைவுகளைத் தொடர் புகைப்படங்களாக எடுக்க வைத்தார். படம் படமாகப் பார்த்தபோது மாயம் ஒன்றும் மிஞ்சவில்லை. பொருள் எந்தக் கையில் தங்கியது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அதே அசைவை நேரில் பார்க்கும்போது தெரியாமல் போனதென்றால், அசைவைச் சுற்றி இருந்த பேச்சும் பார்வையும் தாளமும்தான் அதை மூடியிருக்கின்றன. புகைப்படத்தில் அவை மூன்றும் இல்லை.

நூறு வருடம் கழித்து இதையே இன்னும் கறாராகச் சோதித்தார்கள். கஸ்டவ் குன் என்ற உளவியலாளர் தானே வித்தை செய்யத் தெரிந்தவர். 2006-இல் மைக்கேல் லேண்ட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு சின்ன வீடியோ. ஒருவர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது முறை எறிவது போலப் பாவனை மட்டும் செய்கிறார், பந்து கையிலேயே இருக்கிறது. பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர், மூன்றாவது முறையும் பந்து மேலே போய் அங்கே மறைந்தது என்று சொன்னார்கள். இல்லாத பந்து மேலே போனதைக் கண்ணால் கண்டதாகவே சொன்னார்கள். இன்னொரு வீடியோவில் அதே பாவனை. ஒரே வித்தியாசம், மூன்றாவது முறை அவர் மேலே பார்க்காமல் பந்து இருக்கிற கையைப் பார்த்தார். ஏமாந்தவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள். கையில் எந்த மாற்றமும் இல்லை, பார்வை மட்டும்தான் மாறியது. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பந்து மேலே போனதாகச் சொன்னவர்களின் கண்கள்கூட மூன்றாவது முறை அவ்வளவு உயரம் போகவில்லை, எறிபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குன் அதற்கு முந்தைய வருடம் பெஞ்சமின் டாட்லர் என்பவருடன் செய்த சோதனையில், மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் கண்முன்னாலேயே சிகரெட்டை மடியில் நழுவவிட்டார். மறைப்பு எதுவும் கிடையாது. முதல் முறை பெரும்பாலோர் கவனிக்கவில்லை. சிகரெட் விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்ததும் அவர்களுக்கு உதவவில்லை. ஆனால் திரும்பவும் செய்து காட்டியபோது பிடித்துவிட்டார்கள். இந்தச் சோதனைகளில் வந்த விகிதம் உங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படியே வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று வீடியோவில் காட்டப்பட்டது, இன்னொன்றில் பார்த்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள். உங்கள் தங்கைக்கு உங்களைப் பிறந்ததிலிருந்து தெரியும், உங்கள் முகத்தை அவள் படிக்கும் அளவுக்கு யாரும் படிக்க முடியாது. ஆனாலும் பார்வை எங்கே போகிறதோ அங்கே பார்ப்பவரின் மனமும் போகிறது என்பது மட்டும் உறுதி. மேஜையில் நான் தினமும் பார்ப்பதும் அதுதான்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். நீங்கள் பழகுவது அநேகமாக 'ஃபிரெஞ்ச் டிராப்' என்று நினைக்கிறேன், ஆரம்பப் பாடம் எல்லாவற்றிலும் இருப்பதால் இதைப் பொதுவில் பேசுவதில் தவறில்லை. உள்ளங்கை மேலே பார்க்க, இடது கைக் கட்டைவிரலுக்கும் விரல் நுனிகளுக்கும் நடுவே நாணயத்தைப் படுக்கை வாட்டில் பிடிக்கிறோம். வலது கை வந்து எடுப்பது போல மூடுகிறது. அந்த விரல்களின் மறைவில் இடது கட்டைவிரல் பிடியை விட, நாணயம் இடது கை விரல்களின் அடிமடிப்பில் விழுகிறது. வலது கை வெறுமையாகவே மூடிக்கொண்டு நகர்கிறது. இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும், அதனால்தான் முதல் நாளே 'வந்துவிட்டது' என்று தோன்றுகிறது.

மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இரண்டு மூன்று நொடியில். நான் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: வலது கை போன பிறகும் இடது கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, கட்டைவிரல் குச்சி மாதிரி நிமிர்ந்திருக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்ட கை யாருக்கும் அப்படி நிற்காது, தளர்ந்து கீழே இறங்கும். வலது கை முஷ்டி கல் மாதிரி இறுகியிருக்கும், அல்லது உள்ளே ஒரு நாணயத்துக்கு இடமே இல்லாதபடி தட்டையாக இருக்கும். கண் ஒரு கணம் இடது கைக்குப் போய்த் திரும்பும். பிறகு, இதுதான் பெரிய கேடு, உடனே வலது கையைத் திறந்து "போச்சு" என்று காட்டிவிடுகிறோம். இந்தக் கையில் இல்லை என்றால் அந்தக் கையில்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். உங்கள் தங்கை உங்கள் கை வேலையைப் பார்த்துப் பிடிக்கவில்லை, கணக்குப் போட்டுப் பிடிக்கிறாள்.

ஆகவே வித்தையைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிட்டு, நாணயத்தை நிஜமாகவே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எடுங்கள். பேசிக்கொண்டே எடுங்கள், டிவி பார்த்துக்கொண்டே எடுங்கள். எடுக்கும்போது விரல்கள் உலோகத்தைத் தொட்டதும் லேசாக அழுந்துகின்றன, மணிக்கட்டு கொஞ்சம் திரும்புகிறது, கை அந்தக் கனத்தோடு நகர்கிறது, இடது கை தானாகத் தொங்குகிறது. இதையெல்லாம் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு பாவனையாக எடுப்பதையும் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாத வரைக்கும் யாருக்கும் காட்ட வேண்டாம். கண்ணாடியை நம்பாதீர்கள் என்பேன். கண்ணாடி முன்னால் உங்கள் பார்வை கண்ணாடியில்தான் இருக்கும், நாணயம் 'போன' கையில் இருக்காது. அதோடு, ரகசிய அசைவு நடக்கும் அதே கணத்தில் பலர் தம்மை அறியாமல் கண்ணைச் சிமிட்டிக்கொள்கிறார்கள். அதைக் கண்ணாடி எப்படிக் காட்டும், கண் மூடியிருக்கிறதே. செல்போன் காட்டிவிடும். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் போனை வைத்து எடுங்கள், தலைக்கு மேலிருந்து எடுத்தால் கோணம் பொய் சொல்லும்.

அடுத்தது இடைவெளி. வலது கையில் நாணயம் 'இருக்கிறது' என்று பார்ப்பவர் நம்பிய பிறகு, அது அங்கே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இடது கைக்கு ஒரு நியாயமான வேலை கொடுங்கள். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பதுதான் சுலபம், பேனா வெளியே வரும்போது நாணயம் பையிலேயே தங்கிவிடும். பேனாவால் முஷ்டியை ஒரு தட்டு, ஒரு வார்த்தை, பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரல்களைத் திறக்கலாம். இப்போது "அந்தக் கையைத் திற" என்று கேட்டால் திறந்து காட்டுங்கள், பேனாவைத் தவிர ஒன்றும் இருக்காது. ரகசியம் நடந்த கணமும் மாயம் தெரிகிற கணமும் ஒட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார், நடுவே நேரம் விழுந்தால் முடிச்சு விழாது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பெயர் வாங்கிய ஸ்லைடினி என்ற கலைஞர், மேஜையோரம் உட்கார்ந்தபடியே இதில் சிகரம் தொட்டவர். உடம்பு முன்னால் சாய்ந்தால் பார்ப்பவரும் இறுகுவார், பின்னால் சாய்ந்தால் அவரும் தளர்வார். காரியம் அந்தத் தளர்வில் நடந்துவிடும். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் தலைக்கு மேலே ஒவ்வொன்றாகக் காகித உருண்டைகளை வீசிக்கொண்டே இருப்பார். கூட்டம் முழுவதும் பார்த்துச் சிரிக்கும், உட்கார்ந்திருப்பவர் மட்டும் உருண்டைகள் மாயமாவதாக நினைத்துத் திகைப்பார். ஒரே அசைவு, ஒருவருக்கு மாயம், நூறு பேருக்கு வெட்டவெளிச்சம். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

நம் தெருவோர வித்தைக்காரர்களின் செப்பு விளையாட்டைப் பார்த்திருந்தால் இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. மூன்று கவிழ்த்த கிண்ணம், சில துணி உருண்டைகள். மேலைநாட்டில் இதை மேஜை மேல் செய்வார்கள். நம் ஊர்க்காரர் தரையில் குந்தி உட்கார்ந்து, சுற்றிலும் ஜனம் நிற்க, தலையில் குமிழ் வைத்த சின்னக் கிண்ணத்தை விரலிடுக்கில் பிடித்துச் சாய்த்துச் செய்வார். மேஜை மறைவு கிடையாது, முதுகுப்புறம் பாதுகாப்பும் கிடையாது. கையிலிருக்கும் உருண்டைகள், ஜனம் எண்ணி வைத்திருப்பதைவிட ஒன்று கூடுதல் என்பதுதான் அடிப்படை. பார்ப்பவர் ஒரு படி பின்தங்கியே வந்துகொண்டிருப்பார். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கினால் உருண்டைக்குப் பதில் எலுமிச்சம்பழமோ வேறு ஏதாவதோ இருக்கும். அது எப்போது உள்ளே போனது? முந்தின மாயத்தைப் பார்த்து எல்லாரும் வாய்பிளந்து நின்ற அந்த மூச்சில். அமெரிக்காவின் பென், டெல்லர் என்ற வித்தைக்கார ஜோடி இதையே கண்ணாடி போலத் தெரியும் கிண்ணங்களில் செய்து காட்டுகிறார்கள். எல்லாம் வெளியே தெரிகிறது, ஆனாலும் முதல் தடவை முழுசாகப் பின்தொடர முடிவதில்லை.

இதன் வயதைப் பற்றிப் பலர் பெரிதாகச் சொல்வார்கள், அங்கே நிதானம் வேண்டும். எகிப்தின் பெனி ஹசன் கல்லறையில் சுமார் 4000 வருடம் பழைய ஓவியத்தில் இருவர் கவிழ்த்த கிண்ணங்களோடு இருப்பதைக் காட்டி, அதுவே உலகின் முதல் வித்தைக் காட்சி என்பார்கள். அது வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதால் நான் அதைச் சான்றாக எடுப்பதில்லை. ரோமானிய அறிஞர் செனெகா முதல் நூற்றாண்டில் எழுதிய கடிதத்தில் வித்தைக்காரரின் கிண்ணமும் கூழாங்கல்லும் வருவதோ உறுதி. அப்படி ஏமாறுவதில்தான் தனக்கு இன்பம், எப்படிச் செய்வது என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்கிறார். நம் பக்கத்திலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய், ராமோ சாமி என்ற பெயரில் அங்கே கூட்டம் கூட்டிய தென்னிந்தியக் கலைஞர் ஒருவரும் உண்டு. 1850-இல் அங்கேயே வறுமையில் இறந்தார். அவர் பெயர் நம்மில் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

"இன்னொரு தடவை காட்டு" என்பார்கள், காட்டாதீர்கள். காரணம் மேலே சொன்ன சிகரெட் சோதனையிலேயே இருக்கிறது: முடிவு தெரிந்தவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். திரும்பச் செய்வதே அழகு என்ற வகை வித்தைகளும் உண்டு, ஆனால் அவற்றில் ஒவ்வொரு முறையும் வழி வேறாக இருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தும் ரகசியம் பிடிபடாமல் போனது, கட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைகளுக்குப் பேர்போன ஹூடினிக்கே 1922-இல் சிகாகோவில் நடந்தது. எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் ரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டிருந்தவர் அவர். டாய் வெர்னன் என்ற கனடாக்காரர், ஹூடினி தேர்ந்தெடுத்த சீட்டை மேலிருந்து இரண்டாவதாகச் செருகி மேலே வரவைப்பதை அவர் முன்னால் திரும்பத் திரும்பச் செய்தார். எத்தனை முறை என்பது சொல்பவருக்குத் தகுந்தாற்போல் மாறும், மூன்றைத் தாண்டியது என்பதில் சண்டை இல்லை. ஹூடினியால் சொல்ல முடியவில்லை. 'ஹூடினியை ஏமாற்றியவர்' என்ற பட்டம் வெர்னனோடு கடைசிவரை இருந்தது.

கடையில் வாங்குவதைப் பற்றி. நாணயத்துக்கு இப்போதைக்கு 10 ரூபாய் நாணயம் போதும், 27 மி.மீ. விட்டம், கைக்கு அடங்கும், தூரத்திலிருந்தும் தெரியும். அமெரிக்கர்கள் அரை டாலரை விரும்புவது அது 30 மி.மீ.க்குச் சற்று மேலே இருப்பதாலும் ஓரத்தில் பல் இருப்பதாலும்தான். பெட்டியில் தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் கிடந்தால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு, அதே கனம். எடுத்துப் பழகுங்கள், உள்ளங்கையில் அது உட்காருகிற சுகமே வேறு. ஸ்பான்ஜ் பந்துகள் நல்ல முதலீடு: அமுங்கும், சத்தம் போடாது, பார்ப்பவரின் கையிலேயே மாயம் நடக்கும். ரகசியச் சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை இங்கே விளக்க மாட்டேன், அவற்றை உருவாக்கி விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். எந்தச் சாமானும் நீங்கள் கண்ணை எங்கே வைப்பது என்ற பிரச்சினையைத் தீர்க்காது. நாணயத்தில் மாட்டிக்கொள்ளும் கை, விலை கொடுத்து வாங்கிய சாமானிலும் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளும். 'ஐம்பது வித்தை' என்று வரும் பிளாஸ்டிக் பெட்டிகளும் வேண்டாம், அதில் பாதிச் சாமான் பார்த்தவுடனேயே சந்தேகத்தைக் கிளப்பும். காந்த மோதிரம், சக்தி வாய்ந்த சின்னக் காந்தங்கள் வாங்கினால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும், இது ஆஸ்பத்திரி அவசரம்.

குழந்தைகளை ஏமாற்றுவதுதான் கடினம் என்று வித்தைக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் உங்கள் கண்ணைப் பின்தொடர்வார்கள், சின்னப் பிள்ளை நீங்கள் எங்கே பார்த்தாலும் தனக்குப் பிடித்த இடத்தையே பார்க்கும் என்பார்கள். என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது, ஆனால் இது அனுபவம் மட்டுமே, மேலே சொன்ன சோதனைகளைப் போல உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல, எழுத்தில் சொல்லிக்கொடுப்பதற்கும் எல்லை இருக்கிறது. எந்த விரல் எங்கே என்று எழுதலாம், எப்போது என்பதை எழுத முடியாது. அதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் வித்தைக் கலைஞர்கள் கூடுகிற இடம் இருந்தால் போய் உட்காருங்கள், தெரிந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து "இப்போது உன் தோள் இறுகியது" என்று சொல்வது பத்து வீடியோவுக்குச் சமம்.

இதே கைவேலையை வைத்துத்தான் பஸ் நிலையத்தில் மூணு சீட்டு ஆடிப் பணம் பறிக்கிறார்கள், இதே கைவேலையை வைத்துத்தான் விபூதி வரவழைத்துச் சாமியார் ஆகிறார்கள். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றில்லாமல் அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று அப்படிப்பட்டவர்களுக்கு 1963-இல் சவால் விட்டார், கடைசிவரை யாரும் அதை வாங்கிப் போகவில்லை. யாராவது உங்களிடம், "உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கிறதா?" என்று நிஜமாகவே கேட்டால், கைப்பழக்கம்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு நாணயம், ஒரே ஒரு மறைப்பு, பேனா. நிஜமாக எடுக்கும் பதிவும் பாவனைப் பதிவும் ஒன்றுபோல ஆனதும், வீட்டாரை விட்டுவிட்டு முதலில் அலுவலகத்திலோ கல்லூரியிலோ அவ்வளவாகப் பழகாத ஒருவருக்குச் செய்து காட்டுங்கள். அவர் எந்தக் கையைப் பார்த்தார், எப்போது சிரித்தார் என்று வந்து எழுதி வையுங்கள். தங்கைக்குக் காட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். பழைய முறை மனதில் இருப்பதால் அவள் நேரே இடது கையைத்தான் பார்ப்பாள். அதனால் அன்றைக்கு மட்டும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே இடது கையில் நாணயம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.